இரவல் வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்யலாமா?

வணக்கம். அச்சில் இல்லாத ஒரு புத்தகத்தை நண்பரிடம் இரவல் வாங்கியிருக்கிறீர்கள். அவரே "ஸ்கேன் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டார், வாட்ஸ்அப் குழுவிலும் போடலாமா என்பது உங்கள் கேள்வி.

நண்பருக்குச் சொந்தம் அந்தக் காகிதப் பிரதி மட்டும்தான். அதை அவர் இரவல் தரலாம், விற்கலாம். நகலெடுக்கும் உரிமை ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கிறது. ஆகவே அவர் சொன்னது சட்டப்படி அனுமதி ஆகாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

விதிவிலக்குகள் உண்டு. பதிப்புரிமை பற்றி நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட, 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை இன்று அவற்றுக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: குறிப்பிட்ட சில சூழல்களுக்கு மட்டும் பொருந்த வேண்டும், படைப்பின் வழக்கமான விற்பனையைக் கெடுக்கக் கூடாது, ஆசிரியரின் நியாயமான நலனை அளவுமீறிப் பாதிக்கக் கூடாது. சொந்தப் படிப்புக்குச் சில பக்கங்கள் எடுப்பதைப் பல நாடுகள் ஏற்பது இந்த இடைவெளியில்தான். முழுப் புத்தகம் என்றால் நாட்டுக்கு நாடு விதி மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் தனிப்பட்ட பயன்பாடு பற்றிய பிரிவை அவசியம் படியுங்கள்.

குழுவில் போடுவது மட்டும் வேண்டாம், தயவுசெய்து. காசு வாங்காவிட்டாலும் அது விநியோகம்தான்.

அச்சில் இல்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. பொதுவாக ஆசிரியர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள் நீடிக்கும். அவர் இறந்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு. காலம் முடியவில்லையென்றால் பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.