மாட்டுக்குப் போட்ட ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

எங்க தோட்டத்து மேல வட்டம் போடறது பிணந்தின்னிக் கழுகுங்களா? (கோபி வாசகர்)

வாலைப் பாருங்க. கவட்டையாட்டம் பிளந்திருந்தால் அது கரும்பருந்து. பாறுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுக்கு, வால் குட்டை, தலை சிறுசு; விரித்த இறக்கை பெரும்பாலும் ஆறடிக்கு மேல், பலகை போல அகலம்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எத்தனை வகை உண்டு? (சத்தியமங்கலம்)

நாலு. வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் நெருங்கிய பங்காளிகள். ஆனால் முன்னது ஆற்றோர நீர்மருதில் கூடு கட்டும், பின்னது பாறை விளிம்பில். செந்தலைப் பாறு கூட்டம் சேராது. அதன் கண்ணைத் தொலைநோக்கியில் பார்த்தால் வெளிறியிருப்பது ஆண், கரும்பழுப்பாக இருப்பது பெண். நாலாவது மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் சோறு தின்ன வந்ததே, அதே பறவை.

காய்ச்சலுக்கு ஊசி போட்டும் மாடு போயிருச்சுங்க. காட்டோரம் இழுத்துப் போடலாமா, புதைக்கணுமா? (அந்தியூர்)

என்ன ஊசி என்பதுதான் முக்கியம். டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட மாடு சில நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். ஓரிரு நாளில் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிளையிலேயே உட்கார்ந்திருந்து விழுந்துவிடும். ஒரே மாட்டை ஒரு கூட்டமே தின்னும் என்பதால் மொத்தமாக அழிகின்றன. காரணம் இதுதான் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டதால் 2015இல் குப்பியை 3 மி.லி.க்குச் சுருக்கினார்கள். பாறுக்கு இதே கெடுதல் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டையும் 2023இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுக்குக் கெடுதல் செய்யாது. டாக்டரிடம் அதையே கேட்டு வாங்குங்க, காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் நன்றாகவே கேட்கும். கடைசி வாரத்தில் வேறு வலி ஊசி போட்டிருந்தாலோ, என்ன மருந்தென்றே தெரியாவிட்டாலோ, ஆழமாகக் குழி எடுத்துப் புதைச்சிருங்க.

இன்னொன்றையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: சிறுத்தையோ நாயோ அடித்த ஆட்டின் மேல் விஷம் தடவாதீங்க. முதலில் வந்து இறங்குவது பாறாகவும் இருக்கலாம்.

மருந்தைத் தடுத்தாச்சே, இன்னும் ஏன் பெருகலைங்க? (பவானிசாகர்)

பெரும்பாலும் வருசத்துக்கு ஒரே முட்டைதான். அந்தக் குஞ்சு பெரிதாகித் தான் முட்டையிட நாலைந்து வருசம் ஆகும். கூடு கட்டும் பனிக்காலத்தில் அந்த மருத மரங்களின் பக்கம் போய்ச் சத்தம் போடாமல் இருந்தாலே பெரிய உதவிங்க.