ஹாட்ஸ்பர் வீட்டுக் கதை

கேள்வி: என் பையன் காலேஜ் இங்கிலீஷ் பாடத்துல ஹாட்ஸ்பர்னு ஒரு வீரன் வர்றாராம். நெசமாவே இருந்தவரா? அவர் குடும்பம் என்ன ஆச்சு?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: இருந்தவர்தாம்மா. நெசப்பேரு ஹென்றி பெர்சி, 1364ல பொறந்தவர், இங்கிலாந்தோட வடக்கு எல்லையில நார்தம்பர்லாந்து பிரபு வீட்டு மூத்த பிள்ளை. தாண்டுனா ஸ்காட்லாந்து. நம்ம சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் நடுவுல கொடும்பாளூர் வேளிர் இருந்தாங்கல்ல, அப்படி ஒரு குடும்பம்னு வச்சுக்குங்க, எல்லைக்காவலும் அவங்கதான், அரசர் வீட்டோட சம்பந்தமும் உண்டு (திருச்செந்துறைல காவிரிக்கரைக் கற்கோயிலக் கட்டுனதே சோழர் வீட்டுக்கு மருமகளா வந்த கொடும்பாளூர்ப் பொண்ணுதான்). இவர் சம்சாரம் எலிசபெத் மார்ட்டிமரும் மூணாம் எட்வர்ட் ராஜாவுக்குக் கொள்ளுப்பேத்தி.

1388ல ஆட்டர்பர்ன் சண்டையில ஸ்காட்லாந்துக்காரங்க இவரப் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க, பணம் கட்டித்தான் மீட்டாங்க. இத மனசுல வச்சுக்குங்க. 1399ல நாலாம் ஹென்றி சிம்மாசனம் ஏறுனதே பெர்சி குடும்பம் தோள் குடுத்ததாலதான், ஆனா எல்லைக்காவல் சம்பளம் பாக்கி மேல பாக்கி. 1402ல எலிசபெத்தோட தம்பி எட்மண்ட் வேல்ஸ்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டான், ராஜா பணம் கட்டி மீட்க மாட்டேன்னுட்டாரு, அவன் தன்னப் புடிச்சவரோட பொண்ணையே கட்டிக்கிட்டு அங்கேயே சேந்துட்டான். அதே வருஷம் ஹோமில்டன் குன்றுச் சண்டையில ஹாட்ஸ்பர் ஸ்காட்லாந்து டக்ளஸ் பிரபுவப் புடிச்சாரு, அந்தக் கைதிய என்கிட்ட ஒப்படைன்னு ராஜா கேட்டாரு. மச்சினனுக்குக் காசு இல்ல, கைதி மட்டும் வேணுமான்னு எந்த மனுஷனுக்கும் வயிறு எரியத்தானே செய்யும்? டக்ளஸையே கூட்டு சேத்துக்கிட்டு ராஜாவ எதுத்துக் கிளம்பிட்டாரு. 1403 ஜூலை 21, ஷ்ரூஸ்பரில சண்டை. 39 வயசு, களத்துலயே செத்தாரு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறல. புதைச்ச பொணத்த, உயிரோட இருக்காருன்னு ஊருல பேச்சு வந்ததுனால தோண்டியெடுத்து, உப்புப் போட்டு, ஊர் பாக்க நிறுத்தி வச்சாங்க. பிறகு நாலா வெட்டி ஊர் ஊரா அனுப்பி, தலைய யார்க் நகர வாசல்ல மாட்டுனாங்க. அக்டோபர்ல எலிசபெத்தையும் புடிக்கச் சொல்லி உத்தரவு. நவம்பர்லதான் தலையும் துண்டுகளும் அவங்க கைக்கு வந்துச்சு.

மாமனார், அதாவது ஹாட்ஸ்பரோட அப்பா, 1408ல பிராம்ஹம் மூர் சண்டையில செத்தாரு. தாத்தாவோட ஸ்காட்லாந்து போன பையன் 1416ல திரும்பி வந்து தாத்தா பட்டத்த வாங்கிட்டான். எலிசபெத் கமாய்ஸ் பிரபுவ மறுமணம் பண்ணிக்கிட்டாங்க, சசெக்ஸ்ல ட்ராட்டன் சர்ச்சுல கல்லறை மேல பித்தளைத் தகட்டுல ரெண்டு பேரும் கை கோத்து நிக்கிறாங்க.