கம்பம் பள்ளத்தாக்கும் பன்னீர் திராட்சையும்: கேள்வி பதில்

ராயபுரம் வாசகி: அண்ணே, கிறிஸ்துமஸ் ஒயினுக்குக் கம்பம் பழம்தான் வேணும்னு அம்மா சொல்றாங்க. அந்த ஊரில் என்ன விசேஷம்?

அம்மா சொல்வது சரிதான். மேற்கே தேக்கடி மலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப்பெரியாறு. இயல்பாக மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றை, 1895-இல் பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வைகைக்குப் போகிறது. ஆற்றை ஒட்டி நெல் வயல். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் திராட்சைப் பந்தல். கடுங்குளிர் இல்லாததால் அங்கே கொடி உறங்குவதே இல்லை. கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டதிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. கவாத்து வெட்டும் நாள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒரு பந்தலில் பூ இருக்கும்போதே பக்கத்துப் பந்தலில் பழம் பறிப்பார்கள். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொருக்குப்பேட்டை: பார்த்து வாங்குவது எப்படி?

கறுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கொத்தின் அடி நுனியில் உள்ள பழம்தான் கடைசியாகப் பழுக்கும். அதைக் கேட்டு வாங்கித் தின்று பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும்.

தண்டையார்பேட்டை: ஒயினுக்கு எவ்வளவு ஈஸ்ட், எத்தனை நாள்?

நான் மண்ணும் கொடியும் பற்றித்தான் பேசுவேன். வீட்டில் ஒயின் போட உரிமம் வேண்டுமா என்ற சட்டத்தை முதலில் விசாரியுங்கள்.

பெரம்பூர்: சார், கம்பம் பழம் வெறும் தண்ணீர். நாசிக் விதையில்லாப் பழம்தான் ஒயினுக்கு ஏற்றது.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தள்ளுவண்டியில் வரும் நாசிக் விதையில்லாப் பழம் தின்பதற்கானது. அங்குள்ள ஆலைகள் சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ், கேபர்நே போன்ற விதையுள்ள ரகங்களைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் கம்பம் பழம் வாங்கியது கார்த்திகையில்தானே? வடகிழக்கு மழையில் வேர் தண்ணீரை உறிஞ்சும், பழம் உப்பும், தோல் வெடிக்கும், இனிப்பு இறங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பழுத்த அதே பன்னீரைத் தின்றுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். பழியை ஊர்மேல் போடாதீர்கள், மாதத்தைப் பாருங்கள்.

பெரம்பூர்: ஆனால் கிறிஸ்துமஸ் டிசம்பரில்தானே வருகிறது?

பழத்தைக் கோடையிலேயே வாங்கி, ஒயினை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாமே!

வியாசர்பாடி: கார்த்திகையில் வாங்கலாமா?

மேலே படியுங்கள், ஐயா.

எண்ணூர்: மாடியில் கொடி வளருமா?

வளரும். மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்பூசணம் படரும் அடிச்சாம்பல் நோய் வரும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மணலி: நுனிப் பழம் புளித்தால்?

வாங்காதீர்கள்.