வாசகர் கேள்வி – பதில்: தறிக்குடோன் வாசலில் ஒரு வானொலி

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்): நீங்கள் பிறந்து வளர்ந்தது கோவைப் பக்கம். ஆனால், ரஞ்சிக் கோப்பை உள்நாட்டுக் கிரிக்கெட்டில் தமிழ்நாடு அணி தோற்றதைப் பற்றி எழுதும்போது சொந்த வீட்டுத் துக்கம் போல எழுதுகிறீர்கள். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேப்பாக்கத்தின் அணி உங்களுக்கு எப்படிச் சொந்தமானது?

பதில்: சோமனூரில் என் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) நான்கு விசைத்தறிகள் இருந்தன. கூலிக்கு நெய்துகொடுப்பதே குடும்பத்தின் பிழைப்பு. தறி ஓடும் குடோனுக்குள் காதோடு வாய்வைத்துப் பேசினாலும் பாதிதான் கேட்கும் என்பதால், அங்கே வானொலி வைத்துப் பயனில்லை. எனவே, பள்ளி விட்டு வந்ததும் நான் வாசல் திண்ணையில் வானொலியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். விக்கெட் விழுந்தாலோ, பத்து ஓட்டங்கள் சேர்ந்தாலோ உள்ளே ஓடிப்போய், ஓட்டங்களை வலக்கை விரல்களாலும் விக்கெட்டுகளை இடக்கை விரல்களாலும் காட்டுவேன். அறுந்த பாவு நூலைப் பிணைத்துக்கொண்டே அப்புச்சி தலையை மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொள்வார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை நான் உள்ளே வரும் வேகத்திலேயே அறிந்துவிடுவார் என்று அம்மா சொல்வதுண்டு.

1986 செப்டம்பர் 22 திங்கட்கிழமை மாலையை என்னால் மறக்க முடியாது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவின் வெற்றி இலக்கு 348. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ஓட்டங்கள் குவித்த ஆட்டம் அது. கடைசி ஓவரில் 4 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ரவி சாஸ்திரி முதலில் இரண்டும் பிறகு ஒன்றும் எடுத்து, எண்ணிக்கையை 347க்குக் கொண்டுவந்து சமன் செய்தார். ஓவரின் ஐந்தாவது பந்தில், கிரெக் மாத்யூஸின் வீச்சில் கடைசி மட்டையாளரான மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்தார். டெஸ்ட் வரலாற்றில், 1960இல் பிரிஸ்பேனில் நடந்த ஆட்டத்துக்குப் பிறகு சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம் அதுதான் என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்று எனக்கு இருந்த கவலை வேறு. வெற்றியைக் காட்டத் தெரியும், தோல்வியைக் காட்டத் தெரியும். இரண்டும் இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? தறிகளுக்கு நடுவே நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டுகள் போலச் சமமாக ஏந்திப் பிடித்தேன். அப்புச்சிக்கு விளங்கவில்லை. நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டு, "என்ன சாமி ஆச்சு?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்த தறிகளைக் கிரிக்கெட்டுக்காக அவர் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கூலி நெசவில் தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இந்திய அணி அப்படி வந்தது. தமிழ்நாடு அணி வந்தது தமிழின் வழியாக. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றோரின் நேர்முக வர்ணனையில் பந்து எங்கே விழுந்தது, யார் ஓடினார், மட்டையாளர் எப்படி நின்றார் என்பதெல்லாம் கண்முன் தெரியும்; எழுதப் படிக்கத் தெரியாத அப்புச்சிக்கு அது தமக்காகவே பேசப்பட்டதாகத் தோன்றியது. 1954-55இல் மதராஸ் என்ற பெயரில் ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி, 33 ஆண்டுகள் கழித்து 1987-88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை வீழ்த்தி மீண்டும் வென்றது. இனி ஆண்டுதோறும் இப்படித்தான் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். அதன்பின் 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 ஆகிய ஆறு முறை இறுதி ஆட்டத்துக்குச் சென்று ஆறிலும் கோப்பையை இழந்தோம். கடைசியாகச் சொன்ன ஆட்டத்தில் கர்நாடகத்தின் கருண் நாயர் 328 ஓட்டங்கள் எடுத்ததைத் தொலைக்காட்சியில் நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்புச்சி இல்லை. நீங்கள் குறிப்பிடும் துக்கத்தில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்): சென்னை சிட்டி கால்பந்து அணி இப்போது களத்திலேயே இல்லை. இல்லாத அணிக்கு ரசிகராக இருப்பதில் என்ன பொருள்?

பதில்: அந்த அணியை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் மகள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பெயரில் சென்னை இருந்தாலும் அணி ஆடியது வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நம் கோவை நேரு விளையாட்டரங்கில்தான். 2019 மார்ச் 9 அன்று, ஐ-லீக் எனும் தேசியக் கால்பந்துத் தொடரில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு என் கையைப் பிடித்து அவள்தான் அழைத்துச் சென்றாள். எங்களைவிட ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் வென்றால் எதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் தொடக்க நிமிடங்களிலேயே கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை அப்படியே நின்றது. இரண்டாம் பாதியில் பெனால்டி வாய்ப்பைப் பெத்ரோ மான்சி கோலாக்கினார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடிக்க, 3-1 என்ற கணக்கில் வென்றோம். ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றதால் அந்த ஒற்றைப் புள்ளியே பட்டத்தை முடிவு செய்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

கோழிக்கோட்டு நிலவரத்தைப் பார்க்கக் கைப்பேசியை எடுத்தபோதெல்லாம் மகள் அதைத் தட்டிவிட்டு, "இங்க பாருங்கப்பா" என்றாள். திண்ணையில் நான் செய்த வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. 2020-21 பருவத்தோடு அந்த அணி ஐ-லீகிலிருந்து மறைந்துவிட்டது. கோவை போன்றதொரு தொழில் நகரம், பட்டம் வென்ற அணியொன்றைத் தக்கவைத்துக்கொள்ளாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தமும் கோபமும் உண்டு. ஆனால், அந்த மாலையில் நாங்கள் எதிர்பார்த்தது அத்தனையும் உண்மையாகவே நடந்தது. அணி கலைந்ததால் அது நடக்காததாகிவிடாது. பச்சை இருக்கைகளைக் கடந்து பூங்காப் பக்கம் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் அந்த மூன்றாவது கோலைப் பற்றிப் பேசத்தான் செய்கிறோம்.

கேள்வி (எடப்பாடியிலிருந்து ஒரு வாசகி): என் கணவர் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர். எங்களுக்கு அருகிலுள்ள சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த பந்துவீச்சாளர் நடராஜன் எதிரணிக்கு ஆடி, சென்னையின் விக்கெட்டை எடுத்தால் மகன் கைதட்டுகிறான். கணவர் கோபித்துக்கொள்கிறார். யார் செய்வது சரி?

பதில்: மகனைத் தடுக்க வேண்டாம் அம்மா. சென்னை அணிக்கு ஐந்து ஐ.பி.எல். கோப்பைகள் இருக்கின்றன. ஒரு விக்கெட்டுக்கு உங்கள் மகன் கைதட்டுவதால் அதற்குக் குறை வந்துவிடாது. தறி வேலை செய்த தந்தைக்கும் சாலையோரக் கடை நடத்திய தாய்க்கும் பிறந்த ஒருவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகி, பிரிஸ்பேனில் தம் முதல் டெஸ்ட் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்டுகள் எடுத்ததைத் தன் பக்கத்து ஊர்ச் செய்தியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். அவனுக்கு அவருடைய பந்துதான் முதலில் கண்ணில் படும். உங்கள் கணவரின் பற்றும் பொய்யானதன்று. அதையும் யாரோ ஒருவரின் பக்கத்தில் அமர்ந்துதான் அவர் பெற்றிருப்பார். யாருடன் அமர்ந்து பார்த்தார் என்று மகனிடம் அவர் ஒரு முறை சொல்லட்டும். சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்த மைதானம் 2023இல் திறக்கப்பட்டது. ஒரு மாலை மூவரும் அங்கே போய், ஊர்ப் பிள்ளைகள் பந்து வீசுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கணவரும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரட்டும்.