மகப்பேறு நிதி வாங்க புரோக்கர் எதற்கு?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம் முடியப் போகிறது. கணவர் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். இங்கே நர்ஸம்மாவிடம் பதிந்து, ஊட்டச்சத்துப் பெட்டகம் ஒன்றும் வாங்கிவிட்டேன். முதல் தவணைப் பணம் இன்னும் வரவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தேனியில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறேன். "அங்கே புதிதாகப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பணம் மொத்தமும் போய்விடும்" என்று பிரவுசிங் சென்டர்காரர் சொல்கிறார். 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு உங்கள் விவரங்களை ஏற்றி மேலே அனுப்புவது கிராம சுகாதார செவிலியர்தான். பிரவுசிங் சென்டருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. பணத்தைச் சீக்கிரம் வரவைக்க அவரால் முடியாது. "ஆள் தெரியும்" என்றால் நம்ப வேண்டாம்.

மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. மீதி 14,000 ரூபாய் பணம். 2024 ஏப்ரல் முதல் இதை மூன்று தவணையாகப் பிரித்திருக்கிறார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, பிரசவமாகி நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் கிடைக்கும், வயது 19 நிறைந்திருக்க வேண்டும்.

உங்கள் 6,000 ஏன் வரவில்லை? உங்கள் மேல் தவறு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இதில் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணம் ஆதார் எண் வழியாக வரும். நீங்கள் கொடுத்த பாஸ்புக் நகலில் எந்த வங்கி இருக்கிறது என்று அது பார்க்காது. கடைசியாக எந்தக் கணக்கில் அரசு உதவித்தொகைக்காக ஆதாரை இணைத்தீர்களோ, அங்கே போய் விழும். சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்தவர்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் பேமெண்ட் வங்கிக் கணக்கு திறந்து, கேஸ் மானியம் அங்கே போன கதை 2017-இல் நாடு முழுக்க நாறியது. கல்யாணத்துக்கு முன்பு தேனியில் ஏதாவது கணக்கு வைத்திருந்தீர்களா, யோசித்துப் பாருங்கள். பணம் அதில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதி இருக்கிறது. ஆதார் எண்ணையும் போனுக்கு வரும் ஓடிபியையும் போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும், செலவில்லை. வேறு வங்கி வந்தால், உங்களுக்கு வேண்டிய கிளைக்கு நேரில் போய், "டிபிடிக்கு ஆதார் இணைக்க வேண்டும்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழும் முறை). "ஆதார்தான் ஏற்கெனவே கொடுத்திருக்கீங்களே" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது கேஒய்சி, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்ப்பது; இது வேறு படிவம். எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கணவரோடு சேர்ந்த கணக்கு ஆகாது. ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்று இருந்தாலும் சிக்கல்தான், அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை இதற்கெல்லாம் அலைய வைக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது. பாஸ்புக் நகலை வாங்கும் அன்றைக்கே ஆதார் எந்த வங்கியில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொன்னால் பாதிப் புகார் இருக்காது.

இனி அம்மா வீட்டு விஷயம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கர்ப்பத்தைப் பதிந்தபோது உங்களுக்குக் கொடுத்த பதிவு எண்தான் பிக்மி எண்; அது 12 இலக்கம், தமிழ்நாடு முழுக்கச் செல்லும். தேனியில் இன்னொரு முறை பதியக் கூடாது. ஒரே தாய்க்கு இரண்டு பதிவு இருந்தால் சிக்கலாகி பணம் நின்றுபோகலாம். கிளம்பும்முன் கோபி நர்ஸம்மாவிடம் ஊர் மாறுவதைச் சொல்லி, அவர் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தேனியில் போய் இறங்கியதும் தாய்-சேய் நல அட்டையை அங்குள்ள செவிலியரிடம் காட்டி, இதே எண்ணில் தொடரச் சொல்லுங்கள். இரண்டாம் தவணை குழந்தையின் தடுப்பூசியைப் பொறுத்தது: 6, 10, 14 வாரங்களில் போடுவது. அப்போது நீங்கள் அநேகமாக அம்மா வீட்டில்தான் இருப்பீர்கள். ஊசி போட்டுவிடுவார்கள், ஆனால் உங்கள் எண்ணில் ஏற்ற மறந்துவிடுவார்கள். அட்டையில் பேனாவால் தேதி எழுதினால் மட்டும் போதாது. "கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சா அக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் இப்படியேதான், கடைசி 2,000 அதோடு சேர்ந்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மி எண் கேட்பார்கள், பத்திரம்.

முக்கியமாக இன்னொன்று. "சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகப்பேறு பணம் தயார்" என்று போன் வரும். உங்கள் பெயர், பிரசவத் தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டால் இருப்பதும் போய்விடும். அப்படி ஏதும் நடந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பிரவுசிங் சென்டரில் "சும்மா பார்க்கத்தான்" என்று கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னாலும் வைக்காதீர்கள். கைரேகையும் ஆதாரும் இருந்தால் கணக்கிலிருந்து பணமே எடுக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வீடு திரும்ப 102 வண்டி எல்லாம் இலவசம். இதற்காக யாராவது கைநீட்டினால், அல்லது வங்கி இணைப்பைச் சரிசெய்த பிறகும் தவணை வராமல் இருந்தால், முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கேயும் அசையவில்லையா, சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போட்டு பிக்மி எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் கேட்டு, அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.