வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள் ஒரே அணியாக வேலை செய்வதைப் பற்றி ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?

எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு "உலகளாவிய மெய்நிகர் அணிகளில் ஊழியர் நலனும் ஒத்துழைப்பும்" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள், ஐடி கம்பெனியில் இருக்கும் ஐம்பது பேருக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. நான் அதையே செய்து மண்ணைக் கவ்வியவன் என்பதால் சொல்கிறேன்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு மியூனிக், சியாட்டில் ஆட்களோடு ஒரே அணியில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். நடுவில் பகுதிநேர எம்பிஏ படித்தபோது இதே தலைப்பைத்தான் எடுத்தேன். என் ஃபார்மில் இருந்த கேள்வி: "உங்கள் அணியில் ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது, 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக." வந்ததெல்லாம் 4. இரண்டு மணிக்குக் கேன்டீனில் என்னிடம் வேலையை விட்டுவிடப் போவதாகப் புலம்பியவரும் நாலரை மணிக்கு 4 போட்டிருந்தார்! அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு பேர் இருக்கும் அணியில் ஊர், வயது, அனுபவம் மூன்றையும் கேட்டுவிட்டுக் கீழே "உங்கள் பெயர் வெளியே வராது" என்று எழுதினால் யார் நம்புவார்? அதனால் அந்த விவரங்களை முடிந்தவரை கேட்காதீர்கள். மன நிலையை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ-5 என்ற சின்னக் கேள்வித்தாள் இருக்கிறது: கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி வருவதை நாலால் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரே தடவையோடு விட்டுவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று நாலைந்து தடவை வாங்குங்கள்.

ஆனால் உண்மையான சரக்கு காலண்டரில் இருக்கிறது. எங்கள் அணியின் தினசரி மீட்டிங் சியாட்டிலில் காலை 8 மணிக்கு. மியூனிக்கில் அப்போது மாலை 5, எங்களுக்கு இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் எங்களுக்கு ஒன்பதரை ஆகிவிடும். நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் தொடுவதே இல்லை, ஆனாலும் எங்கள் வீட்டு ராச்சாப்பாடு மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை அமெரிக்கச் சட்டப்படி நகரும். மார்ச்சில் அமெரிக்கா இரண்டாவது ஞாயிறே மாறிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாறும், அந்த இரண்டு மூன்று வாரம் யார் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இங்கேதான் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி ஒளிந்திருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். சரி, இந்தக் கணக்கை என்மீது போட்டால் நான் தப்பித்துவிடுவேன், ஏனென்றால் நான் வேலை செய்வது ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான். காலை பத்திலிருந்து ஆறு, அப்புறம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரம் ஓய்வு மாதிரி தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சினிமாவுக்குப் போக முடியாது, பெண்ணைத் தூங்க வைக்கும்போதே ஒரு கண் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் வேலை என்பதை மட்டும் அளக்காமல், முதல் மீட்டிங்குக்கும் கடைசி மீட்டிங்குக்கும் நடுவே நாள் எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்பதையும் அளந்து, அதை டபிள்யூஹெச்ஓ-5 மதிப்பெண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீட்டிங் நேரத்தை யாருக்காக மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். ஜெர்மனியில் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று சட்டம். பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 முதல், வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல சட்டங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அணியில் ஒருவருக்கு அந்தச் சட்டம் இருந்து இன்னொருவருக்கு இல்லையென்றால், யாருடைய ராத்திரி முதலில் போகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, நீங்கள் நிரூபித்தால் சந்தோஷப்படுவேன்.

ஒத்துழைப்பு விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது நிர்வாகவியல் ஆய்வாளர் கேத்தரின் க்ராம்டன் 2001இல் வெளியிட்ட கட்டுரை. வெவ்வேறு ஊர்களில் இருந்த 13 மாணவர் அணிகளின் மின்னஞ்சல்களைப் படித்துவிட்டு, தூரத்தில் இருப்பவர்களுக்குள் எங்கெல்லாம் சிக்கல் வருகிறது என்று ஐந்து வகையாகப் பிரித்தார். அதில் ஒன்று, மௌனத்துக்கு அர்த்தம் தெரியாமல் திண்டாடுவது. சம்மதமா, கோபமா, ஊரில் இல்லையா, மெயிலே போகவில்லையா?

இதை நான் 2015 டிசம்பரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அடையாற்றில் வெள்ளம், எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்டும் இல்லை சிக்னலும் இல்லை. போனுக்கு உயிர் வந்தபோது ஆன்சைட்டில், அதாவது வெளிநாட்டில், இருந்த ஒருவரிடமிருந்து வரிசையாக மெயில். முதலாவதில் "ஹாய்" இருந்தது, மூன்றாவதில் அது இல்லை, ஐந்தாவதில் மேனேஜரைச் சேர்த்திருந்தார். சென்னை வெள்ளத்தை டிவியில் பார்த்திருக்கிறார், பரிதாபமும் பட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சென்னையில்தான் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர். எதிரில் இருப்பவரின் ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாதபோது, நடப்பதையெல்லாம் அவருடைய குணமாகவே எடுத்துக்கொள்கிறோம். "சமீபத்தில் யாருடைய பதில் தாமதமானது, ஏன் என்று நினைத்தீர்கள், உண்மையில் ஏன்?" என்ற கேள்வியை இரண்டு ஊர் ஆட்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டில் பாதி அதிலேயே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் 61,182 பேரை வைத்து 2022இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்ததில் பிரிவுகளுக்கு இடையேயான தொடர்பு குறைந்தது என்று அது சொல்கிறது. நல்ல ஆய்வுதான், ஆனால் அவர்கள் எல்லோரும் அமெரிக்காவில் இருந்தவர்கள். அதை அப்படியே உங்கள் தலைப்பில் ஒட்டினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலைத் தமிழில் எடுங்கள், முடிந்தால் ஆபீஸுக்கு வெளியே டீக்கடையில். ஆங்கிலத்தில் கேட்டால், வருடாந்திர வேலை மதிப்பீட்டில் மேனேஜருக்கு எழுதுகிற அப்ரைசல் மொழியில்தான் பதில் வரும். போனில் பேசுவதானால் இரவு ஒன்பதரைக்கு நேரம் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.