ஃபில்டரைத் திருகினால் வீணை வராது

கேள்வி: ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கில் உள்ள ஸ்கல்ப்சர் சிந்தசைசரில் வீணை ஒலி கொண்டுவரப் பார்க்கிறேன். ஈக்யூ, ஃபில்டர் எதைத் திருகினாலும் கிட்டாரும் ஹார்ப்பும் கலந்தது போலத்தான் கேட்கிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?
- வாசகர், சேலம்

பதில்: முதலில் அந்த ஃபில்டரையும் ஈக்யூவையும் அணைத்து வையுங்கள். இது ஃபிசிக்கல் மாடலிங் சிந்த், இதில் ஒலி அலையை நேரடியாக உண்டாக்கும் ஆஸிலேட்டரே கிடையாது. ஒரு கம்பி எப்படி அதிரும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒலி வருகிறது, அதனால் நாதத்தை மாற்ற வேண்டுமானால் கம்பியிடமே போக வேண்டும்.

நடுவில் உள்ள மெட்டீரியல் கட்டத்தில் ஸ்டிஃப்னெஸ் (விறைப்பு), இன்னர் லாஸ் (கம்பிக்குள்ளேயே அதிர்வு கரையும் அளவு) இரண்டையும் குறைத்தால் எஃகுக் கம்பி. வீணைக்கு அதுதான் சரி. இன்னர் லாஸைக் கொஞ்சம் ஏற்றினால் மீட்டிய நொடியில் பளிச்சென்று இருந்து அப்புறம் மெல்ல மங்கும். மீட்டிய கம்பியின் ஒலியைக் கணினியில் உருவாக்க கார்ப்ளஸ், ஸ்ட்ராங் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறையில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒலி அலையைக் குறிக்கும் எண்களில் அடுத்தடுத்த இரண்டைக் கூட்டி இரண்டால் வகுத்தார்கள், அவ்வளவுதான்! அந்த எண்கள் சுற்றிச் சுற்றி வரும்போது கூர்மை தானாகக் கரைந்துவிடும்.

கம்பியை அதிர வைக்கும் ஆப்ஜெக்ட் 1-ஐப் 'பிக்' (மீட்டுதல்) ஆக்கி, மீட்டும் இடத்தை நகர்த்திப் பாருங்கள். கம்பியின் நடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் (அடிப்படை அதிர்வெண்ணின் 2, 4, 6 மடங்கு ஒலிகள்) காணாமல் போய் ஒலி உள்ளீடற்றுப் போகும், ஓரத்துக்குப் போகப் போகக் கூர்மை ஏறும். அதிர்வை எடுக்கும் பிக்கப்பின் இடமும் இதே வேலையைச் செய்யும்.

இதுவரை செய்தாலும் கிட்டார்தான் வரும். ஏனென்றால் விஷயம் கம்பியைத் தாங்கும் குதிரையில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 5-ஆவது ஹார்மோனிக் கேட்கக்கூடாது என்பது பழைய விதி, வீணையும் தம்புராவும் அந்த விதியை மீறுகின்றன என்று சி.வி.ராமன் 1921-லேயே எழுதிவிட்டார். கிட்டாரில் கம்பி ஒரு மெல்லிய விளிம்பில் முடிகிறது. வீணைக் குதிரையின் மேலோ அகலமான, லேசாக வளைந்த உலோகத் தகடு, ஒவ்வொரு அதிர்விலும் கம்பி அதைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் மேல் ஹார்மோனிக்ஸ் திரும்பத் திரும்பக் கிளம்புகின்றன. ஆகவே ஆப்ஜெக்ட் 2-ஐ இயக்கி கம்பியின் அசைவில் குறுக்கிடும் 'டிஸ்டர்ப்' வகையைத் தேர்ந்தெடுத்து, கம்பியின் முனைக்கு மிக அருகில் வைத்து, வலுவைப் பூஜ்ஜியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ரீங்காரம் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் வண்டுதான். பாடி ஈக்யூவெல்லாம் இதற்குப் பிறகு.

கேள்வி: அப்படியே கமகமும் வருமா?
- அதே வாசகர்

பதில்: வரும். கீபோர்டு முறையை லெகாட்டோவில் (சுரங்களை ஒட்டி வாசிக்கும் முறை) வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பி புதிதாக மீட்டப்படும். சக்கரத்தால் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் அளவு பெரும்பாலும் 2 அரைச்சுரம்தான் இருக்கும், வீணையில் ஒரே மெட்டில் (ஃப்ரெட்டில்) அதைவிட எவ்வளவோ தூரம் இழுப்பார்கள், 5 ஆக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தைப் பழக்குவது உங்கள் பாடு.